மார்க்கரில் ஃபேன் ஆர்ட் வரைந்து தரப் பணம் வாங்கும்போது எதற்கு உறுதி சொல்லலாம்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பார்த்த ஒருவர், ஹட்சுனே மிகு என்ற ஜப்பானிய அனிமே பாணிப் பாடகிக் கதாபாத்திரமும் தம் தங்கையும் அருகருகே நிற்பது போல ஏ4 அளவில் மார்க்கர் ஓவியம் ஒன்று கேட்டிருக்கிறார். தங்கையின் பிறந்தநாளுக்கு ஃபிரேம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டுவதற்காக அது. உங்களிடம் இருப்பது அறுபது நிறங்கள் கொண்ட, விலை குறைந்த ஆல்கஹால் மார்க்கர் செட். பெரிய பரப்புகளில் நிறம் கோடு கோடாக விழுகிறது என்கிறீர்கள். எந்த செட் வாங்கினால் இது தீரும், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கேட்டால் அதிகமா என்கிறீர்கள். பார்வைக்கு இது எந்த மார்க்கர் வாங்குவது என்ற கேள்வியாகத் தெரிகிறது. ஆனால் திருத்த முடியாத, வெளிச்சத்தில் மங்கக்கூடிய ஒரு மையைக் கொண்டு, இன்னொருவருக்குச் சொந்தமான கதாபாத்திரத்தை ஃபேன் ஆர்ட்டாக, அதாவது ரசிகர் ஓவியமாக, பணம் வாங்கிக்கொண்டு வரையும்போது எதற்கு உறுதி சொல்லலாம், எதற்குச் சொல்லக் கூடாது என்பதுதான் உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது என்று எடுத்துக்கொள்கிறேன். பல ஆண்டுகளாக மார்க்கரில் கமிஷன் ஓவியங்கள் (ஒருவர் கேட்டுப் பணம் தர வரையும் படங்கள்) வரைந்தும், கற்க வருபவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தும் வருகிற அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். சட்டம் பற்றிய பகுதியை மட்டும், வழக்கறிஞர் அல்லாத ஓர் ஓவியரின் புரிதலாக வாசியுங்கள்.

ஆல்கஹால் மார்க்கரின் மை எப்படி நடந்துகொள்கிறது என்பது பிடிபட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அதில் நிறம் தருவது சாயம். நீர்வண்ணத்தில் இருப்பது போன்ற அரைத்த நிறமித் துகள் அன்று. அந்தச் சாயம் எத்தனால் போன்ற ஓர் ஆல்கஹாலில் கரைந்திருக்கிறது. முனை தாளில் பட்டதும் ஆல்கஹால் சாயத்தை இழைகளுக்குள் இழுத்துச் சென்றுவிட்டுச் சில நொடிகளில் ஆவியாகிப் போகிறது. சாயம் அங்கேயே தங்கிவிடுகிறது. அதே இடத்தில் மறுபடி ஆல்கஹால் ஈரம் பட்டால், தங்கிய சாயம் மீண்டும் கரைந்து நகரத் தொடங்கும். இரண்டு நிறங்கள் எல்லை தெரியாமல் இழைவதும், கோட்டைத் தாண்டி நிறம் கசிவதும், காய்ந்த பின் பூசினால் பட்டையாகத் தெரிவதும் எல்லாமே இந்த ஒரு குணத்தின் விளைவுகள்தாம்.

நீங்கள் சொல்லும் கோடுகள் அப்படித்தான் வருகின்றன. முதல் இழுப்பு காய்ந்த பிறகு இரண்டாவது இழுப்பு அதன் விளிம்பில் ஏறினால், அந்த விளிம்பில் மட்டும் இரண்டு பூச்சு சேர்ந்து அடர்கிறது. சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பவர் ஒரு சுவரைத் தொட்டால் அதை முடித்துவிட்டுத்தான் தேநீர் குடிக்கப் போவார். மார்க்கரிலும் ஈர விளிம்பைக் காயவிடாமல் நகர்ந்துகொண்டே இருப்பதுதான் வழி. நீண்ட நேர்க்கோடுகளாக இழுக்காமல் சிறு சிறு வட்டங்களாகச் சுழற்றிப் பூசுங்கள். பெரிய பரப்பை மடிப்பு, பொத்தான், நிழல் ஆகியவற்றின் எல்லைகளைப் பயன்படுத்திச் சிறு பகுதிகளாகப் பிரித்துக்கொண்டு, ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். இன்னொன்றை யாரும் சொல்லித் தருவதில்லை: பூசும் நேரத்தில் தலைக்கு மேலுள்ள மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். நம் ஊர் வெயில் காலத்தில் விசிறிக் காற்றும் சேர்ந்துகொண்டால், ஏ4 தாளில் ஒரு பாவாடையின் அகலத்தைக் கடப்பதற்குள் முதல் விளிம்பு காய்ந்துவிடும். ஜன்னலை மட்டும் திறந்து வையுங்கள். மூடிய அறையில் ஆல்கஹால் ஆவி தலைவலியைத் தரும்.

ஆகவே கோடு விழுவதற்குக் காரணம் உங்கள் செட்டின் விலை மட்டும் அன்று. ஆனால் விலைக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. முனை கடினமாக இருந்தாலோ, பேனாவில் மை வற்றிக்கொண்டிருந்தாலோ எவ்வளவு கைப்பழக்கம் இருந்தாலும் பட்டை விழும். மலிவான செட்டுகளில் எனக்கிருக்கும் பெரிய குறை நிறத்தின் தரத்தைப் பற்றியது அன்று. மை தீர்ந்தால் அதே நிறத்தை மறுபடி நிரப்ப வழி இல்லாமல் போவதுதான். சொந்தத்துக்கு வரையும்போது பாதியில் மை தீர்ந்தால் வேறு நிறத்துக்கு மாறிக்கொள்ளலாம். முன்பணம் வாங்கிய படத்தில், மிகுவின் ஒரு சடையை முடித்துவிட்டு மறு சடையின் நடுவில் பச்சைநீலம் தீர்ந்து போனால் என்ன செய்வீர்கள்? அதனால் ‘எந்த செட்’ என்று கேட்பதைவிட, ‘எந்த நிறங்களைத் தனித்தனியாக வாங்கலாம், அவற்றுக்கு மைக்குப்பி கிடைக்குமா’ என்று கேளுங்கள்.

ஜப்பானின் டூ நிறுவனம் 1987இல் கொண்டுவந்த கோப்பிக் மார்க்கர்களுக்குத் தொழில்முறை ஓவியர்களிடம் இன்றும் மதிப்பு இருப்பதற்கு இதுவே முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன்: மையை நிரப்பலாம், தேய்ந்த முனையைக் கழற்றி மாற்றலாம், நிறங்களைத் தனித்தனியாக வாங்கலாம். ஒளிநகல் இயந்திரத்தின் டோனர் பொடியைக் கரைக்காத மை வேண்டும் என்ற தேவையிலிருந்து வடிவமைப்பாளர்களுக்காகப் பிறந்த பேனா அது; மாங்கா எனப்படும் ஜப்பானியப் படக்கதை ஓவியர்களின் கைக்கு அது வந்ததும் கதையே மாறியது. கோப்பிக் ஸ்கெட்ச் வகையில் 358 நிறங்கள் உள்ளன. சற்று விலை குறைந்த, மை குறைவாகப் பிடிக்கும் சியாவ் வகையில் 180. இந்தியாவில் ஒரு பேனாவே சில நூறு ரூபாய் ஆகும் என்பதால் முழு செட் வாங்கும் பேச்சுக்கே இடமில்லை, தேவையும் இல்லை. ஒரு படத்துக்கு எட்டு முதல் பன்னிரண்டு நிறங்கள் போதும். உங்கள் இப்போதைய செட்டைத் துணிக்கும் பின்னணிக்கும் வைத்துக்கொண்டு, தோலுக்கும் தலைமுடிக்கும் மட்டும் நல்ல பேனாக்களைத் தனியாக வாங்குவதே என் ஆலோசனை. வாங்கியவற்றைப் படுக்கை நிலையில் வையுங்கள். நிறுத்தி வைத்தால் மை ஒரு முனையிலேயே தேங்கும்.

அந்தப் பேனாக்களின் மூடியில் இருக்கும் குறியீட்டைப் படிக்கக் கற்றுக்கொண்டால் தேர்வு எளிது. ஆங்கில எழுத்து நிறக்குடும்பத்தைக் குறிக்கும்: இ (E) என்றால் மண் நிறங்கள், பிஜி (BG) என்றால் பச்சைநீலம், பிவி (BV) என்றால் நீலஊதா. அடுத்து வரும் முதல் எண், நிறம் எவ்வளவு துலக்கமாக இருக்கிறது என்பதைச் சொல்லும். பூஜ்யம் என்றால் மிகத் துலக்கம், ஒன்பதை நெருங்க நெருங்க அதில் சாம்பல் கலந்திருக்கும். கடைசி எண் அடர்த்தி. எண் கூடக் கூட நிறம் கருக்கும். ஒரே எழுத்து, ஒரே முதல் எண், கடைசி எண்ணில் இரண்டு மூன்று படி வித்தியாசம் என்று தேர்ந்தெடுத்தால் அவை பெரும்பாலும் சிக்கலில்லாமல் இழையும். மற்ற நிறுவனங்களின் எண்கள் பெரும்பாலும் இந்த முறையை அப்படியே பின்பற்றுவதில்லை. அதனால் உங்கள் அறுபது பேனாக்களையும் நீங்கள் படம் வரையப் போகும் அதே தாளில் சிறு கட்டங்களாகப் பூசி, ஒரு பூச்சும் இரண்டு பூச்சும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும்படி ஓர் அட்டவணை செய்துகொள்ளுங்கள். மூடியின் நிறத்தை நம்பி ஆர்டர் படத்தில் பேனாவை வைக்கவே வைக்காதீர்கள்.

தாளைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் பேனாவைவிடத் தாள்தான் முடிவை அதிகமாக மாற்றும். சாதாரண ஏ4 நகல் தாளில் மை பின்பக்கம் வரை இறங்கிப் பக்கவாட்டிலும் பரவும். கார்ட்ரிட்ஜ் எனும் சாதாரண ஓவியத் தாள் மையை உறிஞ்சித் தள்ளிவிடும். சொரசொரப்பான நீர்வண்ணத் தாள் முனையைப் பிய்த்துவிடும். மார்க்கருக்கென்றே வரும் 70 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைக் காட்டும் அளவு) கொண்ட மெல்லிய தாளின் பின்புறத்தில் கசிவைத் தடுக்கும் பூச்சு இருக்கும். மை அதில் மேலாகவே நிற்பதால் நிறம் பளிச்சென்று வரும், ஆனால் மூன்றாவது நான்காவது பூச்சைத் தாங்காது. 250 ஜிஎஸ்எம் அளவில் வழவழப்பான பிரிஸ்டல் தாள் மையைக் கூடுதலாகக் குடிக்கும்; பதிலுக்கு நிறையப் பூச்சுகளைத் தாங்கும், ஃபிரேமுக்குள் விறைப்பாக நிற்கும். பரிசாகக் கொடுக்கும் படத்துக்கு நான் பிரிஸ்டலையே எடுப்பேன். அடியில் ஒரு பிளாஸ்டிக் தாள் விரித்துக்கொள்ளுங்கள், மேசையும் தப்பிக்கும்.

உருவத்தின் கோடுகளை வரையும் மையில் ஏமாறுபவர்கள் நிறையப் பேர். பால்பாயின்ட், பெரும்பாலான ஜெல் பேனா, சாதாரண மைப்பேனா ஆகியவற்றின் கோடுகள் ஆல்கஹால் பட்டதும் கலங்கி, முகத்தில் சாம்பல் நிறத் தீற்றலாக ஓடும். பிக்மா மைக்ரான், கோப்பிக் மல்டிலைனர் போன்ற நிறமி மைப் பேனாக்கள் நன்றாகக் காய்ந்த பின் தாங்கும். ‘நன்றாகக் காய்ந்த பின்’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். தடித்த கோடுகளும் கருப்பு நிரப்பிய இடங்களும் வழவழப்பான தாளில் காய நேரம் எடுக்கும், சில மணி நேரம் விட்டுவிடுவது நல்லது. பென்சில் கோட்டின் மேல் மார்க்கர் பூசினால் அந்தக் கரி உள்ளேயே பூட்டிக்கொள்ளும், பிறகு எந்த அழிப்பானும் அதைத் தொடாது. போதாததற்கு வெளிர்நிறப் பேனாவின் முனையும் கறைபடும். ஆகவே பென்சில் வரைவைத் தனித் தாளில் முடித்து, லைட் பாக்ஸின் (அடியில் விளக்கு உள்ள பலகை) மேலோ பகலில் ஜன்னல் கண்ணாடியிலோ வைத்து நல்ல தாளில் நேரடியாக மைக்கோடு எடுங்கள். இதில் இன்னொரு பெரிய நன்மை உண்டு: நிறம் கெட்டுப்போனாலும் மூல வரைவு கையில் இருக்கும்.

இப்போது மிகுவின் தலைமுடி. இரண்டு நீண்ட சடைகளும் சேர்ந்து படத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். பார்ப்பவரின் கண் முதலில் அங்கேதான் போகும். பிஜி 11, 13, 15, 18 ஆகிய நான்கும் ஒரே வரிசையைச் சேர்ந்தவை. சடையை முடிக் கற்றைகளாகப் பிரித்துக்கொண்டு ஒரு கற்றையை மட்டும் எடுங்கள். ஒளி படும் இடத்தைத் தாளின் வெள்ளையாகவே விட்டுவிட்டு, மற்ற இடமெல்லாம் 11ஐப் பூசுங்கள். அது ஈரமாக இருக்கும்போதே 13ஐக் கற்றையின் இரு நுனிகளிலிருந்தும் வெளிச்சத்தை நோக்கி வீச வேண்டும். தூரிகை முனையை அழுத்தித் தொடங்கி, வேகமாக இழுத்துக் காற்றில் தூக்கிவிடும் அசைவு அது. கோட்டின் தொடக்கம் தடித்தும் முடிவு முடியிழை போல மெலிந்தும் வரும். பிறகு நிழலில் 15. அடுத்து, முன்பு பூசிய 13ஐயே மறுபடி எடுத்து 15 முடியும் விளிம்பின் மேல் ஓட்டினால் எல்லை கரைந்துவிடும். ரிப்பனுக்குக் கீழேயும் கழுத்துக்குப் பின்னேயும் உள்ள ஆழத்துக்கு மட்டும் 18. கோட்டைத் தொடும்வரை பூசாதீர்கள். ஒரு மயிரிழை முன்னாலேயே நிறுத்துங்கள், மை தானாக ஊர்ந்து கோட்டைச் சேரும். ஈரமாக இருக்கும்போது நிறம் அடர்த்தியாகத் தெரிவதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடாதீர்கள், காய்ந்தால் ஒரு படி வெளிறும். எனவே அடுத்த கற்றைக்குப் போவதற்கு முன் முதல் கற்றை காய்ந்து எப்படி நிற்கிறது என்று பாருங்கள். வெள்ளை ஜெல் பேனாவால் போடும் ஒளிப்புள்ளிகள் எல்லாம் முடிந்த பிறகு, கடைசியாக. அதன் மேல் மார்க்கர் பட்டால் வெள்ளை கலங்கும், முனையும் அடைபடும்.

தங்கையின் முகம்தான் உங்கள் திறமைக்கு உண்மையான சோதனை. அனிமே ஓவியம் பழகிய பலரும் தோல் என்றால் இ 000, இ 00 என்ற வெளிறிய நிறங்களைத் தவிர வேறெதையும் தொட்டிருக்க மாட்டார்கள்; மாநிறமோ கருநிறமோ உள்ள ஒருவரை வரையச் சொன்னால் அதே வெளிறிய நிறத்தின் மேல் சாம்பலைப் பூசி நிழல் காட்டுவார்கள். குளிர்ந்த சாம்பல் பழுப்பின் மேல் ஏறினால் முகம் நோயாளியினுடையது போலச் செத்துத் தெரியும். மாநிறத்துக்கு இ 33ஐ அடியாக வைத்து, இ 35ஐ முதல் நிழலாகவும் இ 37ஐ ஆழ்ந்த நிழலாகவும் கொள்ளுங்கள். கன்னம், மூக்கு நுனி, விரல் கணு ஆகிய இடங்களில் சிவப்புச் சாயல் உள்ள இ 17 துளியளவு போதும். இன்னும் கருத்த நிறமானால் இ 37ஐயே அடியாக்கி, நிழலுக்கு இ 29 வரை போகலாம். கழுத்தின் அடியில் விழும் நிழலுக்குச் சாம்பலை விட்டு வெளிர் ஊதாவை முதலில் இட்டு, அதன் மேல் பழுப்பை ஓட்டிப் பாருங்கள், நிழலில் உயிர் இருக்கும். கேட்டவருக்குப் பிடிக்கும் என்று நினைத்துத் தங்கையின் நிறத்தை இரண்டு படி வெளுப்பாக்கித் தரும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது, அதைச் செய்யாதீர்கள். பரிசைப் பெறப் போகும் பெண் தன் முகத்தைத்தான் அதில் தேடுவாள்.

இவ்வளவு சொன்ன பிறகும், பூசிய நிறத்தைத் திரும்பப் பெற வழி இல்லை. சாயம் இல்லாத பேனாவான நிறமற்ற பிளெண்டர் ஓர் அழிப்பான் என்று பலர் நினைக்கிறார்கள். அது சாயத்தைத் தள்ளி வைக்கிறதே தவிர அகற்றுவதில்லை. கோட்டைச் சற்றே தாண்டிய வெளிர்நிறத்தை உள்ளே தள்ளலாம், சிறு தவற்றை குவாஷ் எனப்படும் அடர்த்தியான வெள்ளை நீர்வண்ணத்தால் மூடலாம், மேலே வண்ணப் பென்சிலால் சற்றுச் சரிக்கட்டலாம், அவ்வளவுதான். ‘தலைமுடி கொஞ்சம் பச்சையாக இருக்கிறதே’ என்று கேட்டவர் முடிந்த படத்தைப் பார்த்துச் சொன்னால், புதிதாக வரைவதைத் தவிர வேறு வழி கிடையாது. ஆகவே மார்க்கர் கமிஷனில் உடன்பாடு என்பது ஓவியத்தின் கட்டங்களோடு ஒட்டியே அமைய வேண்டும். கணினியில் வரைபவர்கள் இறுதியில் மூன்று திருத்தம் தருவதைப் பார்த்து நீங்களும் அப்படியே எழுதிவிடாதீர்கள்.

நான் கடைப்பிடிக்கும் முறையைச் சொல்கிறேன். முதலில் உள்ளங்கை அளவுக் கிறுக்கல் வரைவுகள் இரண்டு மூன்று. அவற்றில் ஒன்றை அவர் தேர்ந்தெடுத்ததும் பாதிப் பணம். பிறகு முழுப் பென்சில் வரைவு. முகச்சாயல், உடை, கை வைத்திருக்கும் விதம் என எந்த மாற்றமும் இங்கேதான், அதுவும் இரண்டு சுற்றுக்கு மேல் கிடையாது. அதன் பின் அதே தாளின் ஒரு துண்டில் தலைமுடி, தோல், உடை நிறங்களைப் பூசிப் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்புவேன். இதற்கு ‘சரி’ என்று எழுத்தில் பதில் வந்த பிறகே நல்ல தாளில் மை விழும். அந்த நிமிடத்திலிருந்து மாற்றமும் இல்லை, பணம் திரும்புவதும் இல்லை என்பதை முதல் நாளே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன். முடிந்த படத்தின் ஒளிப்படத்தைப் பார்த்துவிட்டு மீதிப் பணம், அது வந்ததும் அஞ்சல். இது கறாராகத் தெரியலாம்; ஆனால் தெரியாதவரோடு மனக்கசப்பு வராமல் காப்பாற்றியது பெரும்பாலும் அந்த நிறத்துண்டுதான். ஒருமுறை ஒரு வாடிக்கையாளர் தம் கைபேசியின் இரவு ஒளி அமைப்பை அணைக்காமலே நிறம் மஞ்சளாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். திரையிலிருந்து வருவது ஒளி, தாளிலிருந்து வருவது எதிரொளி. திரையில் மிகுவின் பச்சைநீலம் ஒளிர்வது போலத் தாளில் ஒருபோதும் ஒளிராது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அடுத்து, கூடத்தில் மாட்டப் போகிறார் என்ற விவரம். உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் கவலை தந்த வரி அதுதான். சாய மை வெளிச்சத்தில் மங்கும். இதில் சந்தேகத்துக்கு இடமில்லை, விலை உயர்ந்த மார்க்கருக்கும் இது பொருந்தும். புற ஊதாக் கதிர் மட்டுமன்றிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் சாயத்தைச் சிதைக்கும். எவ்வளவு காலத்தில் என்பதுதான் உறுதியாகச் சொல்ல முடியாதது. நிறத்தையும், ஜன்னலின் திசையையும், அறையின் வெளிச்சத்தையும் பொறுத்து அது மாறும். வெயில் நேராக விழும் சுவரில் சில மாதங்களிலேயே வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். மூடிய ஆல்பத்துக்குள் பல ஆண்டுகள் அப்படியே இருக்கும். என் அனுபவத்தில் ஒளிரும் நிறங்களும் இளஞ்சிவப்பு, ஊதா வகைகளும்தான் முதலில் விடைபெறுகின்றன. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி மங்குவதைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. பாதுகாப்பு ஸ்பிரே அடிக்கலாமா என்று கேட்பார்கள். சில ஸ்பிரேக்களின் கரைப்பானே மார்க்கர் மையைக் கசியவிடும் என்பதால், வீணான தாளில் சோதிக்காமல் ஆர்டர் படத்தின் மேல் அடிக்கக் கூடாது. ஆகவே ‘நிறம் அப்படியே இருக்கும்’ என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

இதற்கு நடைமுறையில் ஒரு நல்ல தீர்வு உண்டு. படம் முடிந்த அன்றே 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) அளவில் ஸ்கேன் செய்யுங்கள். ஏ4 தாள் ஏறத்தாழ 4960க்கு 7016 பிக்செல் அளவில் வரும், அதே அளவில் அச்சிடத் தாராளமாகப் போதும். மிக வெளிர் நிறங்களை ஸ்கேனர் விழுங்கிவிடும் என்பதால் மூலப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கணினியில் நிறத்தைச் சரிசெய்யுங்கள். நிறமி மை கொண்ட அச்சுப்பொறியில் ஒரே ஒரு பிரதி எடுத்து அதை ஃபிரேமுக்கும், மூலத்தை அமிலமற்ற உறையில் ஆல்பத்துக்கும் என்று கேட்டவருக்கு யோசனை சொல்லுங்கள். சிலர் மூலத்தைத்தான் மாட்டுவேன் என்பார்கள். அது அவர் விருப்பம். நீங்கள் சொன்னது எழுத்தில் இருந்தால் போதும்.

இனி உரிமை. உறுதியானதை முதலில் சொல்கிறேன். ஹட்சுனே மிகு ஜப்பானின் சப்போரோ நகரத்தைச் சேர்ந்த கிரிப்டன் ஃபியூச்சர் மீடியா 2007இல் வெளியிட்ட குரல் மென்பொருளின் முகம். கதாபாத்திரத்தின் உரிமை அந்நிறுவனத்துக்கே. மற்ற பல நிறுவனங்களைப் போல மௌனமாக இருக்காமல், ரசிகர்கள் எதைச் செய்யலாம் என்பதை அது வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. பியாப்ரோ கேரக்டர் லைசென்ஸ் என்ற அந்த விதி, லாப நோக்கமும் கட்டணமும் இல்லாத படைப்புகளுக்குத் தாராளமாக இடம் தருகிறது. 2012இல் அதிகாரபூர்வ ஓவியங்களுக்குக் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொதுப் பயன்பாட்டு உரிமத்தையும் அந்நிறுவனம் சேர்த்தது; அதுவும் வணிகம் சாராத பயன்பாட்டுக்கு மட்டுமே. எனவே நீங்கள் இலவசமாக வரைந்து கொடுத்தால் விதிக்குள் இருக்கிறீர்கள், பணம் வாங்கினால் அந்த அனுமதி உங்களைக் காக்காது.

இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, சொந்தப் பயன்பாட்டுக்கான நியாயமான கையாளுதலுக்கு விலக்குத் தருகிறது. கூலி வாங்கிக்கொண்டு ஒருவருக்காக ஒரே ஒரு படம் வரைவது அந்த விலக்குக்குள் வருமா என்பது வாதத்துக்குரியது. வரும் என்று நான் சொல்ல மாட்டேன். ஜப்பானிலேயே 1975இல் தொடங்கிய காமிக் மார்க்கெட் விழாவில் ரசிகர் புத்தகங்கள் பெருமளவில் விற்பனையாகின்றன. அங்கே பதிப்புரிமைக் குற்றங்களில் பெரும்பாலும் உரிமையாளர் புகார் கொடுத்தால்தான் வழக்கு. உரிமையாளர்களும் கண்டுகொள்ளாமல் விடுகிறார்கள். அந்தச் சகிப்பைத்தான் உலகெங்கும் ஃபேன் ஆர்ட் கமிஷன் செய்பவர்கள் நம்பியிருக்கிறார்கள். சகிப்பு என்பது அனுமதி ஆகாது. ஒரே ஒரு கையோவியத்துக்காக யாரும் தேடி வருவது அரிது என்பது உண்மையே; அதே படத்தை ஸ்டிக்கராகவும் டிஷர்ட்டாகவும் போட்டு விற்கத் தொடங்கினால் நிலைமை முற்றிலும் வேறு. மேலே சொன்ன ஒற்றை அச்சுப் பிரதியையும் ஆர்டர் கொடுத்தவரின் வீட்டோடு நிறுத்துங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று அதே சட்டத்தின் 17ஆம் பிரிவில் இருக்கிறது. பொதுவாக வரைந்தவரே பதிப்புரிமையின் முதல் உரிமையாளர். ஆனால் ஒருவர் கேட்டுக்கொண்டு, விலை கொடுத்து வரையப்பட்ட ஓவியத்துக்கு, வேறு உடன்பாடு எதுவும் இல்லாவிட்டால், கேட்டவரே முதல் உரிமையாளர் ஆகிறார். கதாபாத்திரம் கிரிப்டனுடையது என்பதால் இந்தப் படத்தில் அவருக்கு முழு உரிமை வந்துவிடாது; ஆனால் உங்கள் பங்காக அதில் ஏதேனும் உரிமை இருந்தால் அது பேச்சே இல்லாமல் அவரிடம் போய்விடும் வாய்ப்பு இருக்கிறது. அனுமதி பெறாத வழிப்படைப்பில் (இன்னொருவர் படைப்பை அடிப்படையாகக் கொண்ட படைப்பில்) ஓவியருக்கு எவ்வளவு உரிமை உண்டு என்பது வழக்கறிஞர்களே ஒத்துக்கொள்ளாத விஷயம், அதற்குள் நான் போகவில்லை. எப்படியானாலும் ‘பதிப்புரிமையில் ஓவியரின் பங்கு ஓவியரிடமே இருக்கும், என் பக்கத்தில் வெளியிட்டுக்கொள்வேன், வாங்கியவர் பிரதியெடுத்து விற்கக் கூடாது’ என்ற ஒரு வரியை உடன்பாட்டில் சேர்த்துவிடுங்கள். தங்கையின் முகம் இருப்பதால், இணையத்தில் இடுவதற்கு முன் அவருடைய சம்மதத்தையும் கேளுங்கள். சட்டம் என்ன சொன்னாலும் அது மரியாதை.

விலை பற்றி நீண்ட விவாதம் தேவையில்லை. இரண்டு உருவங்கள் உள்ள ஏ4 படத்துக்கு வரைவு, கோடு, நிறம், ஸ்கேன் எல்லாம் சேர்த்துப் பத்து மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 150 ரூபாய் என்று மிகக் குறைவாகக் கணக்கிட்டாலே உங்கள் ஆயிரத்து ஐந்நூறு அங்கேயே தீர்ந்துவிடுகிறது. தாள், தேயும் முனை, மை, அட்டை, அஞ்சல் எல்லாம் உங்கள் கையிலிருந்து போகும். இந்த ஒரு படத்துக்காக வாங்கும் பேனாக்களின் முழு விலையையும் அவர் தலையில் கட்டுவது நியாயமில்லை, அவை உங்களிடம் இருக்கப் போகும் கருவிகள். மணிக்கு 200 ரூபாய், பொருளுக்கு 300, அனுப்புவதற்கு 200 என்று வைத்து இரண்டாயிரத்து ஐந்நூறு கேட்பது தொடக்கநிலையில் உள்ள ஒருவருக்கு அதிகம் அன்று. உரிமைச் சிக்கல் மனத்தை உறுத்தினால் மிகுவை விட்டுவிட்டு, தங்கையை மட்டும் அவருக்குப் பிடித்த நிறங்களில், ஒரு மேடைச் சூழலில் வரையலாம் என்று கேட்டுப் பாருங்கள். சிலர் மகிழ்ச்சியாக ஒப்புக்கொள்கிறார்கள், சிலருக்குக் கதாபாத்திரம்தான் முக்கியம்.

அனுப்பும்போது சுருட்டாதீர்கள். படத்தின் முகத்தில் ஒரு பட்டர் பேப்பர், அதன் மேல் பிளாஸ்டிக் உறை, இரு பக்கமும் படத்தைவிடச் சற்றுப் பெரிய கெட்டி அட்டை, நான்கு ஓரமும் டேப். மழைக்காலமானால் இன்னொரு உறை. பேனாக்கள் வந்து, பழகி, நிறத்துண்டு அனுப்பி ஒப்புதல் வாங்கி, முதல் தாள் கெட்டால் இரண்டாவது தாளில் வரைய நேரம் இருக்க வேண்டும் என்பதால், பிறந்தநாளுக்கு மூன்று வாரத்துக்குக் குறைவாக இருந்தால் இந்த ஆர்டரை மார்க்கரில் எடுக்காமல், பென்சில் ஓவியமாகத் தரலாமா என்று கேட்பதே நல்லது.